‘மழை காரணமாக’

ஆங்கிலத்தில் ‘டியூ டு’ என்னுந் தொடர் பெயரைத் தழுவுதற்கே உரியது. வினையைத் தழுவுதற்கு ‘பிக்கோஸ் ஒவ்’ வேண்டும் என்பது பழைய இலக்கணிகள் கொள்கை. ‘இச்சரிவு மழையின் விளைவு’ என்புழி முன்னது பொருந்தும். ‘மழையால் மலை சரிந்தது’ என்புழிப் பின்னது பொருந்தும். 1926ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே பௌலர் இவ்வரம்பை வற்புறுத்தினார். இன்று அது பெரிதும் தளர்ந்துவிட்டது. தமிழிலோ ‘காரணமாக’ என்னும் ஒரு சொல்லே ஈரிடத்தும் நிற்கின்றது. இதில் இலக்கணக் குற்றம் இல்லை, அஞ்சத்தக்கது பொருட்குற்றமே.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. ‘கடும் மழை காரணமாகப் பலர் மாண்டனர்’ என எழுதின் வாக்கியம் முடிந்துவிடும், காரணம் முடிந்ததோ? மலை சரிந்தமைக்கு மழை காரணம். மக்கள் மாண்டமைக்கு அம்மலையடியில் அவர்கள் குடியிருக்க நேர்ந்தமையுங் காரணம். அவ்விடம் ஆபத்தானது, குடிகளை அகற்றுதல் வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

ஆதலின், ‘காரணமாக’ என எழுதுமுன், எதற்கு எது காரணம் என வினவுதல் எழுதுவார் கடன். ‘மழையால் மலை சரிந்தது, எச்சரித்த பின்னரும் குடிபெயர்ப்பு நிறைவேறாமையாற் பலர் மாண்டனர்’ என இரண்டாகப் பிரித்தெழுதின் உண்மை விளங்கும். மழை பெய்தல் எவர் கையிலும் இல்லை. குடிபெயர்த்தல் மனிதர் கையில் உள்ளது.