உறையில் ஒரு வேகம், அட்டையில் ஒரு வேகம்

டிஜிட்டல் காமிராவுக்கு நினைவட்டை வாங்கப் போகும் வாசகர், அதன் உறையைப் பாடநூலைப் படிப்பதுபோல் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும். தபால்தலை அளவே உள்ள அட்டையின் முகத்தில்தான் எத்தனை எண்கள், எத்தனை எழுத்துகள்! கொள்ளளவுக்கு அடுத்தபடி பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வேகம், வீடியோ எடுப்பவருக்கு அநேகமாகப் பயன்படாத எண். பயன்படும் எண்ணோ கடுகளவு எழுத்தில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் 2019 டிசம்பர் 26. அன்று காலை வளைய சூரிய கிரகணம் தமிழகத்தின் குறுக்கே சென்றது. திண்டுக்கல் அருகே மாணவர்களுடன், வடிகட்டி பொருத்திய காமிராவை நிறுத்தியிருந்தேன். வளையம் நிலைப்பது ஏறத்தாழ 3 நிமிடமே. அது தோன்றிச் சிறிது நேரத்தில், அட்டையின் வேகம் போதவில்லை என்று திரையில் எழுத்து வந்தது, பதிவு நின்றது. மறுபடி அமுக்கினோம்; மறுபடி நின்றது. பிறகு வளையமும் உடைந்துவிட்டது.

“சார், அட்டையிலும் 100 என்றுதானே போட்டிருக்கிறது, காமிரா கேட்பதும் 100 தானே?” என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. காமிரா கேட்டது நொடிக்கு 100 மெகாபிட். அட்டை விளம்பரம் செய்தது நொடிக்கு 100 மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே காமிராவின் தேவை 12.5 மெகாபைட் மட்டுமே. எட்டு மடங்கு வசதி இருந்தும் அட்டை ஏன் திணறியது?

விடை இரண்டு சொற்களில் இருந்தது. உறையின் பின்புறம், பொடி எழுத்தில், அந்த 100 என்பது ‘படிக்கும்’ வேகம் என்றும், அதுவும் 100 ‘வரை’ என்றும் கண்டிருந்தது. வீடியோ எடுக்கும்போது அட்டை படிப்பதில்லை, எழுதுகிறது. அன்றியும், ‘வரை’ என்பது உச்சவரம்பு; நமக்கு வேண்டியதோ, எந்நேரமும் குறையாத அடிமட்டம். மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓடும் என்று எழுதிய பேருந்து நம்மைக் கல்லூரி மணிக்குக் கொண்டுசேர்க்கும் என்பதற்கு அது உறுதியாகாது.

எழுதும் வேகம் ஏன் குறைகிறது? அட்டையின் உள்ளே இருப்பது நாண்ட் பிளாஷ் நினைவகம்; 1987இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த மசுவோகா குழுவினர் வெளியிட்டது. அதன் நுண்ணறைகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கும். படிக்க, எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். எழுதவோ, உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்காப்புப் படலத்தின் ஊடே எலெக்ட்ரான்களைப் புகுத்தவேண்டும். பட்ட வகுப்பில் குவாண்டம் பாடத்தில் வரும் சுரங்க விளைவேதான் இது. அறை ஒன்றில் 3 பிட் வைக்க 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டுமாதலால், சிறிது புகுத்திச் சரிபார்த்து, மீண்டும் புகுத்த வேண்டியிருக்கிறது. மேலும், எழுதிய இடத்தின்மேல் அப்படியே எழுத முடியாது. ஒரு பெரும் தொகுதியை முழுவதுமாக அழித்த பின்னரே எழுதலாம். அத்தொகுதியில் வேண்டிய தகவல் மிஞ்சியிருந்தால் அதை வேறிடம் மாற்றவும் வேண்டும். வெற்று அட்டை முதல் நிமிடம் பாய்ச்சலாக ஓடிப் பிறகு நடைபோடுவது இதனால்தான். முந்தின நாள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்த சோதனை ஒரு நிமிடச் சோதனை!

அடிமட்ட வேகத்துக்கு உறுதி கூறும் குறிகள் இல்லாமல் இல்லை. 2000இல் தொடங்கிய எஸ்டி சங்கம் வகுத்தவை அவை. ‘சி’ எழுத்தின் வளைவுக்குள் 10 என்றால் நொடிக்கு 10 மெகாபைட். ‘யு’ எழுத்தின் கிண்ணத்துக்குள் 1 என்றாலும் அதே 10, 3 என்றால் 30. 2016இல் வந்த ‘வி’ வரிசை ஒன்றே நேர்மையானது என்பேன்: வி 30 என்றால் 30, வி 60 என்றால் 60, வி 90 என்றால் 90. எண்ணே வேகம். ஆனால் புதியது வந்தபின் பழையவற்றை நீக்கியிருக்க வேண்டாமா? ஒரே அட்டையில் மூன்று குறிகளும் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு இணைப்பு வகையைக் காட்டும் ரோமன் எண் ஒன்று. அதை ‘யு 1’ என்று மயங்குபவர் பலர். ‘ஏ 1’, ‘ஏ 2’ என்பவை தொலைபேசியில் செயலிகளை ஓட்டுவதற்கான குறிகள். வீடியோவுக்கு அவற்றைப் பார்க்கவேண்டியதில்லை.

என் அட்டையில் இருந்தது ‘யு 1’. உறுதி 10, தேவை 12.5. அட்டை பொய் சொல்லவில்லை. உறைதான் உண்மையைப் பொடியாக எழுதியிருந்தது.

ஆகவே, காமிராவின் கையேட்டில் உள்ள மெகாபிட் எண்ணை 8ஆல் வகுத்து, அதற்கு மேற்பட்ட ‘வி’ எண்ணைத் தேடுங்கள். 100 மெகாபிட்டுக்கு வி 30 தாராளம். பானசோனிக் ஜிஎச் 5 போல 400 மெகாபிட்டில் பதியும் காமிராவுக்கு 50 மெகாபைட் வேண்டும். அங்கே வி 60. வி 90 விலை மிகுந்தது, பெரும்பாலோர்க்கு வீண். கொள்ளளவுக்கும் இதே கணக்குத்தான்: 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரப் பதிவு 45 கிகாபைட் பிடிக்கும். சந்தையில் போலி அட்டைகளும் உலவுவதால், வாங்கியவுடன் அட்டையைக் காமிராவிலேயே வடிவமைத்து, நிரம்பும்வரை வீடியோ எடுத்து, முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலி அதில் அகப்பட்டுவிடும்.

2031 மே 21இல் இன்னொரு வளைய கிரகணம் தென் தமிழகத்தைக் கடக்க இருக்கிறது. ‘யு 1’ அட்டையை இப்போது நிழற்படங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.