மூளை விஞ்ஞானிகளின் பேச்சு: சில ஆட்சேபங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் கழித்தவன் நான். மூளை ஆராய்ச்சிக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி, என்னோடு வேலை பார்த்தவரின் பெண் அந்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். வெளியூரில் ஏதோ ஒரு ஸ்தாபனத்தில், எலியின் மூளையைச் சீவல் சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை. விடுமுறைக்கு அவள் வரும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்விகள் அசட்டுத்தனமானவை என்பது கேட்டு முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். "ஏதாவது கண்டுபிடிச்சிட்டியாம்மா?" என்பது அவற்றில் ஒன்று. அவள் மரியாதைக்குச் சிரிப்பாள். ஒரு விஞ்ஞானியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ளலாமே என்றுதான் மூளை விஞ்ஞானிகளின் பேட்டிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என் அசட்டுத்தனம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. அவ்வளவுதான் லாபம்.

ஸூஸன் பிளாக்மோர் 2005இல் வெளியிட்ட பேட்டித் தொகுப்பில் பிரான்ஸிஸ் க்ரிக் இருக்கிறார், நம் வி.எஸ். ராமச்சந்திரன் இருக்கிறார், தத்துவக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். பிரக்ஞை என்பது என்ன, சுதந்திர இச்சை உண்டா, செத்த பிறகு ஏதாவது மிஞ்சுமா என்று எல்லோரிடமும் கேள்விகள். பதில்கள் கெட்டிக்காரத்தனமானவை. சில உண்மையிலேயே ஆழமானவை. ஆனால் இந்தக் கெட்டிக்காரர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள், யார் காசில் செய்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து ஆராய்ச்சிக்கு வந்து பாதியில் உதிர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தப் பேச்சின் எல்லைக்கு வெளியே நிற்கிற விஷயங்கள். அமெரிக்க நரம்பு விஞ்ஞானச் சங்கம் 1996 முதல் விஞ்ஞானிகளின் சுயசரிதைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. அங்கே பிழைப்பைப் பற்றிய பேச்சு நிறையவே உண்டு. ஆனால் பேசுகிறவர்கள் எல்லோரும் கரை சேர்ந்தவர்கள். கரை சேர்ந்தவன் சொல்லும்போது பட்ட கஷ்டம் எல்லாம் சினிமாவின் முதல் பாதி ஆகிவிடுகிறது. இடைவேளையோடு எழுந்து போனவன் சுயசரிதை எழுதுவதில்லை.

நம்மவர்கள் விஷயத்தைப் பேசவே வேண்டாம். வெளிநாட்டில் பெயர் வாங்கிய தமிழரிடம் நம் பத்திரிகைகள் கேட்பது அம்மா கையால் சாப்பிட்ட சாம்பாரைப் பற்றி. உள்ளூரில் இருந்தவர்களிடம் அதுகூட இல்லை. டி.எஸ். கனகா 1968இல் நரம்பு அறுவையில் உயர்பட்டம் வாங்கியவர், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களில் ஒருவர், 2018இல் மறைந்தார். ஆண்கள் மட்டுமே நிரம்பிய அந்த அறைக்குள் ஒரு பெண் எப்படி நுழைந்தாள் என்று கேட்டிருக்கலாம். அதைவிடக் கடினமான ஒரு கேள்வியும் இருந்தது. 1970ஐ ஒட்டிய வருஷங்களில் பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில், அடங்காத குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்காக மூளையின் அமிக்டலா என்கிற பகுதியில் ஒரு துளியை அழிக்கும் அறுவையைச் செய்து, உலக சஞ்சிகைகளில் எழுதினார்கள். 'அமைதிப்படுத்தும் அறுவை' என்றே அதற்குப் பெயர். அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அவர்கள் முன் உட்கார்ந்து, 'டாக்டர், அந்தக் குழந்தைகள் பிறகு எப்படி இருந்தார்கள்?' என்று தமிழில் ஒருவர் கேட்டுப் பதிலை அச்சிட்டிருந்தால், இந்த ஐம்பது வருஷத்துத் தமிழ் உரைநடைக்கு அது ஒரு பெரிய சொத்தாக இருந்திருக்கும். ராமமூர்த்தியும் 2003இல் போய்விட்டார்.

சிறு பத்திரிகை நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மூளை விஞ்ஞானி ஸ்பெயின் தேசத்து காஹால். ஓவியனாக ஆசைப்பட்டவனை அப்பா வைத்தியத்துக்கு இழுத்துப் போனார். நரம்புச் செல் ஒவ்வொன்றும் தனித்தனி, வலைபோல ஒன்றாகப் பின்னிக் கிடப்பதில்லை என்று பார்சிலோனாவில் உட்கார்ந்து கண்டுகொண்டபோது, அதை வெளியிட அவருக்கு இடமில்லை. 1888இல் கைக்காசு போட்டுச் சொந்தமாக ஒரு சஞ்சிகை ஆரம்பித்தார். அறுபது பிரதிகள். கட்டுரைகளும் பெரும்பாலும் அவருடையவையே. பிரதிகளை வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குத் தபாலில் அனுப்பினார். அதுவும் போதாமல் மறுவருஷம் சீவல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு பெர்லினுக்கே போய், வயோதிகரான கோல்லிக்கரை மைக்ராஸ்கோப் பக்கம் அழைத்துப் போய்க் காட்டினார். 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கால்ஜி, அந்த மேடையிலேயே காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். இளம் ஆராய்ச்சியாளர்களுக்குக் காஹால் எழுதிய புத்திமதிப் புத்தகம் ஒன்றும் உண்டு. சோம்பல், படிப்பு மோகம், கருவி மோகம் என்று மனசின் வியாதிகளை எல்லாம் வரிசைப்படுத்துகிறார். சுவாரஸ்யமான புத்தகம். ஆனால் தோல்வியை எல்லாம் மன உறுதியின் குறைவாகவே அவர் பார்க்கிறார். சம்பளம் வராமல் போவதும் ஒரு வியாதி என்பது அவர் பட்டியலில் இல்லை.

இனி ராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். ஸ்டான்லி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு அர்த்தம். கும்மிடிப்பூண்டியில் பிரஸ்ஸிலோ ரோலிங் மில்லிலோ கை நசுங்கினால் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடுவது அங்கேதான். கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு வைத்துப் பெயர் வாங்கிய ஆஸ்பத்திரி. அங்கே படித்துப் போனவர் உலகப் பிரசித்தி பெற்றது இல்லாத கையைப் பற்றிப் பேசி என்பது எனக்கு எப்போதும் விசேஷமாகவே படுகிறது.

வெட்டுப்பட்டுப் போன கை இன்னும் இருப்பதாகத் தோன்றும், வலிக்கும், அரிக்கும். இதற்கு 1871இல் பெயர் வைத்தவர் வேய்ர் மிட்செல் என்ற அமெரிக்க டாக்டர். அதற்கு ஐந்து வருஷம் முன்பே அவர் இதைக் கதையாகத்தான் எழுதினார், பெயர் போடாமல். நாலு கை காலும் போன ஒரு சிப்பாயின் கதை. ஜனங்கள் நிஜம் என்று நம்பிப் பண உதவி அனுப்பினார்கள். அதாவது மிட்செலிடம் இந்த விஷயம் முதலில் இலக்கியமாகத்தான் வந்தது, பிறகுதான் விஞ்ஞானமாயிற்று. ராமச்சந்திரனிடமும் இந்தக் கதை சொல்கிற அம்சம் பலமாக இருக்கிறது. கை இழந்த ஒருவரின் முகத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரல்களில் தொடுகை தெரிகிறது என்றார் அவர். மூளையின் மேற்பரப்பில், பென்பீல்ட் 1930களில் வரைந்த படத்தின்படி, கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். காலியான வீட்டில் பக்கத்து வீட்டார் குடியேறிவிட்டார்கள் என்பது 1992இல் ராமச்சந்திரன் சொன்ன விளக்கம். பிறகு ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருடைய வலியைக் குறைத்தார். லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரம் எதுவும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி. இந்த எளிமையை நான் மதிக்கிறேன். நம் கல்லூரிகளில் கருவி வரவில்லை என்று சொல்லிப் பத்து வருஷம் சும்மா இருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் நல்ல கதை சந்தேகத்தைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. டமார் மாக்கின் என்ற பெண்மணியும் அவரைச் சேர்ந்தவர்களும் 2013 முதல் வேறு மாதிரி சொல்லிவருகிறார்கள். 2025இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், கையை எடுப்பதற்கு முன்பும் பின்பும் மூன்று பேரின் மூளையைப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். கைக்கான படம் அப்படியே இருக்கிறது, முகம் வந்து குடியேறவில்லை என்று கண்டார்கள். மாக்கின் இப்போது இருப்பது ராமச்சந்திரன் படித்த அதே கேம்பிரிட்ஜில். யார் சரி என்பது இன்னும் முடியாத வழக்கு. எனக்கு உறுத்துவது வேறு. தமிழில் மூளையைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கத்து வீட்டுக் கதையை இன்றைக்கும் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விஞ்ஞானியிடமிருந்து நாம் கதையை வாங்கிக்கொள்கிறோம், சந்தேகத்தை வாங்கிக்கொள்வதில்லை.

கையைப் பற்றியாவது சந்தேகப்பட வேறு விஞ்ஞானிகள் இருந்தார்கள். ராமச்சந்திரன் கலையைப் பற்றிப் பேசும்போது சந்தேகப்பட வேண்டியவர்கள் நாம். 1999இல் வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து கலைக்கு எட்டு விதிகள் எழுதினார். 2011இல் வந்த புத்தகத்தில் அது ஒன்பது ஆகிவிட்டது. முக்கியமான விதி இது: கடற்பறவைக் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். மூன்று வெள்ளைக் கோடு போட்ட சிவப்புக் குச்சியை நீட்டினால் தாயின் அலகைவிட அதை ஆவேசமாகக் கொத்தும். டின்பர்கென் கண்டது இது. சோழர் காலத்துப் பார்வதி விக்கிரகமும் அப்படித்தான், பெண்மையின் அம்சங்களை மிகைப்படுத்திய குச்சி, நாம் குஞ்சுகள் என்கிறார் ராமச்சந்திரன்.

எங்கள் திருவள்ளூர் ஜில்லாவிலேயே திருவாலங்காடு இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் போனால் சென்னைக்குப் போய், வேறு ரயில் பிடித்து அரக்கோணம் பக்கம் வரவேண்டும். ஒரே ஜில்லாதான், அரை நாள் ஆகிவிடும். காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஊர். அழகான உடம்பை வேண்டாம் என்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கியவள். அவளையும் சோழர் காலத்தில் வார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஒன்று, கான்ஸாஸ் நகரத்து நெல்ஸன்-ஆட்கின்ஸ் மியூசியத்தில் ஒன்று. வற்றிய முலை, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் ஒரு சந்தோஷம். படத்தில் பார்த்ததற்கே எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பார்வதியை வார்த்த அதே மரபின் கைகள்தான் இதையும் வார்த்தன. பெண்மையை மிகைப்படுத்துவதுதான் கலை என்றால் இது என்ன? இங்கே முதுமையை மிகைப்படுத்தியிருக்கிறது என்று ராமச்சந்திரன் பதில் சொல்லலாம். சொல்லக்கூடியவர்தான். அப்போது எதை வார்த்தாலும் விதி சரியாகிவிடும், எதையும் மறுக்காத விதியாகிவிடும். குஞ்சு கொத்தும், கொத்தாது என்று டின்பர்கென் சோதித்துப் பார்க்க முடிந்தது. இங்கே சோதனை எங்கே? பறவையின் விஷயத்தில் இருந்த கண்டிப்பைக் கலையின் விஷயத்தில் விட்டுவிடுவதற்குப் பெயர் விஞ்ஞானம் இல்லை.

சென்ற பொங்கலுக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். திண்ணையில் நான், அவள், அடுத்த வீட்டுக்காரர். அவருக்குப் பல வருஷம் முன்பு நைட் ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. இப்போது டூல் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 நஷ்டம் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மூன்று போனால் 30, நாலு போனால் 50. பென்பீல்டின் படத்தில் கை ராட்சசக் கையாக இருக்கும். சட்டத்தின் படத்தில் அது நூற்றுக்கு இத்தனை.

அவர்தான் கேட்டார். "வேலை பர்மனென்ட்டாம்மா?"

"இல்ல மாமா. மொதல்ல மாசம் 37,000. ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. சில சமயம் நாலு மாசம் வராது, அப்புறம் மொத்தமா வரும். அஞ்சு வருஷம்தான். அப்புறம் தீசிஸ், அப்புறம் வெளிநாட்டுல ரெண்டு வருஷம், ரெண்டு வருஷமா ஓட்டணும். அதுக்கப்புறம் எங்கயாவது வேலை காலியானா பார்க்கலாம்."

"அப்ப நீயும் காண்ட்ராக்ட்டுதான்."

அவள் சிரித்தாள். மரியாதைச் சிரிப்பு இல்லை இது. கூடப் படித்தவர்களில் யார் யார் விட்டுப் போனார்கள், யார் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனார்கள், மூன்று வருஷம் செய்த சோதனை ஒன்று ஒரே பகுதிச் சாயத்தின் குற்றத்தால் வீணாய்ப் போனது, எல்லாம் சொன்னாள். நான் ஒரு வருஷமாகக் கேட்டும் வராதது அவர் கேட்ட ஒரே கேள்வியில் வந்தது.

பிறகு அவள் கேட்டாள். "மாமா, அந்த வெரல் இன்னும் தெரியுதா?"

"நடுவெரல் மடங்கினாப்ல கீதும்மா. நிமுத்த முடியல. மழை வந்தா ரொம்ப."

கண்ணை மூடச் சொல்லி, பேனா மூடியால் அவருடைய மோதிர விரலைத் தொட்டாள். எங்கே தெரிகிறது என்று கேட்டாள். மோதிர விரலில்தான் என்றார். உள்ளங்கையின் ஓரம், கன்னம், மோவாய் என்று தொட்டுக்கொண்டே போனாள். தொட்ட இடம் தவிர வேறெங்கும் தெரியவில்லை. குரங்கின் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதன் இடத்தைப் பக்கத்து விரல்கள் எடுத்துக்கொள்கின்றன என்று 1984இல் மெர்ஸனிக் கண்டதாக அவள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"புஸ்தகத்துல போட்டிருக்கிறது வேற மாதிரி. ஏன்னு எனக்குத் தெரியல மாமா" என்றாள். படித்த அத்தனை பேட்டிகளிலும் நான் இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

உள்ளே போய் ஷேவிங் கண்ணாடியை எடுத்து வந்து, அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை மெள்ள நிமிர்த்தச் சொன்னாள். கண்ணாடிக்குள் ஐந்து விரலோடு ஒரு வலது கை நிமிர்ந்தது. அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது என் எடது கைதாம்மா" என்றார்.

செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கம்பெனி பஸ் ரோட்டு முனையில்தான் நிற்கும். கண்ணாடியை அவளிடமே விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார்.