திரும்பி வந்த தபால்

சென்னை மவுண்ட் ரோடு தபால் நிலையத்தின் முன்னால், நடைபாதையில், புத்தம்புதுப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்று 50 பைசா. ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி வந்த மலிவுப் பதிப்பு. வேலையை விட்டுவிட்டு, பொழுது நிறையவும் காசு கொஞ்சமுமாக இருந்த ஒருவர் அங்கே நின்று ஒரு பிரதி வாங்குகிறார். கம்யூனிசத்தை நம்பி, பின்னர் விலகிய ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள் கொண்ட ‘தி காட் தட் ஃபெயில்ட்’. ஆறு பேரில் ஒருவர் ஸ்டீபன் ஸ்பெண்டர். பல வருஷங்களுக்கு முன் ஜெமினி ஸ்டூடியோவுக்கு வந்து, அங்கிருந்த ஒருவருக்கும் எதுவும் விளங்காதபடி பேசிவிட்டுப் போன ஆங்கிலக் கவிஞர் அவர்தான். தமிழ்ப்படம் எடுக்கிற இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்த கேள்விக்கு 50 பைசாவில் விடை கிடைத்துவிட்டது.

புத்தகம் வாங்கியவர் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினியில் இருந்த காலத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நினைவுகளில் இது வருகிறது. எத்தனை தடவை படித்தாலும் என் கண் கவிஞரிடம் போவதில்லை, அந்த 50 பைசாவில்தான் நிற்கிறது. வேலையை விட்ட எழுத்தாளனின் கஷ்டத்தைச் சொல்ல வேறு யாராக இருந்தாலும் இரண்டு பக்கமாவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு ஒரு விலை போதும்.

அந்த நினைவுகளிலேயே இன்னொரு கணக்கும் உண்டு. ‘என்கவுன்டர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவிக்கிறது. கதை அனுப்ப ஆசைதான். ஆனால் இங்கிலாந்துக்குத் தபால் செலவு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பத்திரிகை எப்பேர்ப்பட்டது என்று தெரிய வேண்டாமா? பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய்ப் பார்க்கிறார். யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அதே ஸ்பெண்டர். இலக்கிய உலகத்தின் தொடர்புகளெல்லாம் தபால்தலைக்குக் காசு எண்ணுகிற இடத்தில் வந்து முடிச்சுப் போடுகின்றன. நானும் கதைகளைக் கவரில் போட்டு அனுப்பிய காலத்தவன். கவர், திரும்பி வருவதற்கான கவர், இரண்டுக்கும் தலை. கதை வந்தால் இதழில் ஒரு பிரதி அனுப்புவார்கள், அதுவே சன்மானம். அதனால் அந்தத் தயக்கம் எனக்குப் புதிதாக இல்லை.

ஜெமினியில் அவருடைய வேலை, செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டி இனவாரியாகக் கோப்பில் சேர்ப்பது. பார்க்கிறவர்களுக்கு நாள் பூராவும் காகிதம் கிழிக்கிற ஆள். சும்மா இருக்கிறான் என்று நினைத்து, போகிற வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்து மனக்குறையைக் கொட்டுவார்களாம். அவர்களில் ஒருவர் மேக்கப் பிரிவின் ‘ஆபீஸ் பாய்’. பெயர்தான் பாய், வயது நாற்பதுக்கு மேல். நடிகராகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுகிறவராகவோ வருவோம் என்று வந்து, கும்பல் காட்சி முகங்களுக்குச் சாயம் பூசுகிறவராக நின்றுபோனவர். தன் அத்தனை ஏமாற்றத்துக்கும் ஜெமினி கதை இலாகாவில் இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்பது அவருடைய கட்சி. காகிதம் கிழிக்கிறவர் மறுப்பதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. வெட்டிய துண்டுகளோடு இந்தக் குரலும் எங்கோ ஒரு கோப்பில் சேர்ந்துவிடுகிறது.

இதைத்தான் நான் அவருடைய கைவேலை என்பேன். எழுத்தாளன் பட்ட பாட்டை எழுத்தாளன் பெயரில் அவர் எழுதியது குறைவு. வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவார். ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் அந்தப் பாட்டைச் சுமப்பவர்கள் புரொடக்‌ஷன் மேனேஜரும் உதவி டைரக்டரும், கடனில் படம் எடுக்கிற ரெட்டியாரும். நாவல் தொடங்கும்போது விடியற்காலையில் ஓடியாடி எல்லாரையும் எழுப்பிக் கிளப்புகிற நடராஜன், நாமே இவர்தான் கதாநாயகன் என்று முடிவுகட்டிய பிறகு, கதையிலிருந்து நழுவிவிடுகிறார். அவருக்கு என்ன ஆயிற்று என்பது பின்னால் பேச்சுவாக்கில் காதில் விழுகிறது. நேரில் காட்டியிருந்தால் அழுதிருப்போம். பேச்சுவாக்கில் வந்ததால் அழவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அவர் வாழ்க்கையில் மேடுகளும் இருந்தன. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் பல நாட்டு எழுத்தாளர்களோடு அவரையும் அழைத்தது. அந்த ஏழு மாதம்தான் ‘ஒற்றன்!’ நாவல். அதில் பெரு நாட்டு எழுத்தாளர் பிராவோ, எழுதப்போகும் நாவலின் பாத்திரங்களையும் சம்பவங்களையும் பெரிய வரைபடமாகப் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பார். தமிழிலிருந்து போனவர் அதை வாய் பிளந்து பார்க்கிறார். வியப்பு நிஜமா, பாவனையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பார்க்கிற மனிதர், தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து கதை எழுதியவர். மாட்டுவதற்கு அங்கே சுவர் ஏது? 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ‘கணையாழி’ இதழின் பொறுப்பில் இருந்த நீண்ட வருஷங்களில், தபாலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிறருடைய கதைகளைப் பிரித்துப் படிக்கிறவராகவும் இருந்தார்.

அவர் எழுதிய எல்லாவற்றிலும் அந்தத் தணிந்த குரல் பலித்தது என்று சொல்லமாட்டேன். பிற்காலப் பத்திகள் சிலவற்றில் தணிவு, அசதியாகவே இறங்கிவிட்டது. பலித்த இடம் எது என்று கேட்டால், தயங்காமல் ‘புலிக்கலைஞன்’ சிறுகதை என்பேன்.

படவேலை இல்லாமல் காற்றாடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோ. கதை இலாகா அறைக்கு ஒல்லியாக ஒருவர் வேலை கேட்டு வருகிறார். பெயர் காதர். ‘டகர் பாயிட்’ வரும் என்கிறார். யாருக்கும் புரியவில்லை. புலிச் சண்டையைத்தான் அவர் இங்கிலீஷில் சொல்கிறார் என்று தெரிய வாசகனுக்கும் சற்று நேரமாகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பை ஆசிரியர் தடுப்பதில்லை. பிறகு காதர் புலித்தலையை மாட்டிக்கொள்கிறார். அடுத்த கணம் அறையில் காதர் இல்லை. மேஜையும் நாற்காலியும் மனிதர்களும் இருக்கிற அதே இடத்தில் ஒரு புலி இருக்கிறது. அத்தனை பேருக்கும் குலை நடுங்குகிறது. இதை எழுதும்போதும் அசோகமித்திரன் ஓர் உவமைகூடத் தேடிப் போவதில்லை. உடம்பு எங்கே இருந்தது, எங்கே பாய்ந்தது என்று கணக்கப்பிள்ளை மாதிரி குறித்துக்கொண்டே போகிறார். பயம் நமக்கு வருகிறது.

புலித்தலையைக் கழற்றியதும் மறுபடி அந்த ஒல்லி மனிதர். சர்மாவின் காலில் விழுகிறார். பசி, வீடு, மனைவி. சர்மா போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து கதை இலாகாவுக்கு வந்தவர். அவரால் முடிந்தது, அறையில் இருக்கிறவர்களிடம் கிடைத்ததைத் திரட்டிக் கொடுப்பது. புலியாக நின்றபோது நிமிர்ந்து பார்க்க அஞ்சியவர்கள், மனிதனாக நின்றபோது சட்டைப்பையைத் துழாவுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே சில வரிகள்தான். ஒரு வருத்தச் சொல்கூட ஆசிரியர் பக்கத்திலிருந்து கிடையாது.

இந்தக் கதையை எழுத்தாளனின் கதையாகத்தான் நான் வாசிக்கிறேன். எழுதுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காதர்தானே. ஆனால் அப்படி வாசிக்கும்படி கதை எங்கும் ஜாடை காட்டவில்லை. கதைசொல்லி அந்த அறையில் சம்பளம் வாங்கும் ஓர் ஆள், வேலை கேட்டு வந்தவன் இல்லை. தன் நிலையைக் காதருக்குக் கொடுத்துவிட்டு, தான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார்.

பிறகு நிஜமாகவே வாய்ப்பு வருகிறது. எடுக்கப்போகும் படத்தில் புலிவேஷத்துக்கு இடம் அமைகிறது. காதரை வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார்கள். தபாலில் போட்ட கதைகள் திரும்பி வருவதை ஆயுளில் எத்தனையோ முறை பார்த்திருக்கக்கூடிய ஒருவர் அந்த இடத்தை எழுதுகிறார். இம்முறை தபால் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. சில நாளில் அதே கடிதம் திரும்பி வருகிறது. விலாசத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.