பாரதியின் முடிவு எங்கே போனது?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவரிடம் 'நிற்பதுவே' என்று தொடங்கிப் பாருங்கள். புத்தகத்தைத் தேடமாட்டார், இளையராஜாவின் மெட்டில் மீதியைப் பாடிவிடுவார். ஷெல்லிமேல் கொண்ட பித்தில் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட கவிஞருக்கு இது கெட்ட கதியல்ல.

கவிதையை இசை தீண்டக்கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'கண்ணன் பாட்டி'ல் இராகம், தாளம், ரசம்கூடக் குறித்துவைத்தவர் பாரதியேதான். போதாதற்கு, 1949இல் சென்னை அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கி, பின்னர் பொதுவாக்கியது. அன்றுமுதல் யாரும் பாடலாம். யாரும் வெட்டவும் செய்யலாம்.

அந்த வெட்டைத்தான் பார்க்க வேண்டும். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் 'காற்று வெளியிடை' பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடும் ஜோடிப்பாட்டு. கவிதையில் இருப்பதோ ஒரே ஓர் ஆணின் குரல். ஜி. ராமநாதனின் மெட்டு இனிமையானது என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். காதல் காதலாகவே இருக்கிறது.

'பாரதி' (2000) படத்தில் 'நிற்பதுவே'க்கு நேர்ந்ததை அப்படி விட முடியாது. மூலக் கவிதை உலகத்தைப் பார்த்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறது: எல்லாம் கனவா, தோற்றமா, கானல்நீரா? கேட்டுவிட்டு, காண்பதே உறுதி, இந்தக் காட்சி நித்தியம் என்று மாயாவாதத்தை மறுத்து முடிக்கிறது. படப்பாடலில் அந்த முடிவு இல்லை. தானும் உலகமும் பொய்தானோ என்ற ஐயத்திலேயே ஹரீஷ் ராகவேந்திராவின் குரல் நின்றுவிடுகிறது. பாரதி எதை மறுத்தாரோ, அதுவே அவர் கருத்தாகப் பல்லாயிரம் காதுகளில் ஏறியிருக்கிறது. பாட்டை மட்டும் கேட்டவர் கவிதையைப் படித்தால் திடுக்கிடுவார்.

ஐந்து நிமிடத்தில் முழுக் கவிதையும் அடங்காது என்பார்கள். உண்மைதான், கேள்விகளில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாமே! சிக்கல் நேரத்தில் இல்லை, மெட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மெட்டு முழுவதும் ஏக்கம். ஐயத்துக்கு அது அழகாகப் பொருந்துகிறது. பாரதியின் உறுதியை அதிலேயே பாடியிருந்தால் அதுவும் ஏக்கமாகத்தான் ஒலித்திருக்கும். முதல் பல்லவியில் பிடித்த மனநிலையைக் கடைசிவரை விடாதது படப்பாட்டின் வழக்கம். எங்கள் கூத்துக்களரியில் அந்தக் கட்டாயம் இல்லை. பாத்திரத்தின் நிலை மாறினால் தரு என்னும் கூத்துப்பாட்டு மாறும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்தில் தாளமும் மாறும். பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதால் சொல்லும் தப்பாது. மறுப்பில் முடியும் ஒரு கவிதைக்கு இசையமைப்பவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது தரு.