கயிறு பிடித்த அண்ணன்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நாட்களில், கல்லைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குபவர் ஒருத்தர். தோணியில் கயிற்றைப் பிடித்தபடி நிற்பவர் இன்னொருத்தர். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனின் 'ஆன் அன்கொயட் மைண்ட்' (1995) படித்தபோது எனக்கு அந்த இரண்டாமவர் ஞாபகம்தான் வந்தது.

இருமுனை மனநோயை ஆராயும் பேராசிரியைக்கே அந்த நோய். உற்சாகம் தலைக்கேறினால் பாம்புக்கடி மருந்துப் பெட்டிகளாக வாங்கிக் குவிக்கிறார். இறங்கினால் சாகப் பார்க்கிறார். நடுவில் லித்தியம் மாத்திரையை வேண்டாமென்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். அந்த உச்சத்தின் சுகத்தை விட மனசு வரவில்லையாம்! இதை ஒளிக்காமல் எழுதியதுதான் புத்தகத்தின் பலம். படிக்கிற நமக்கே பக்கென்கிறது.

சரி, குவிந்த பில்களை உட்கார்ந்து பிரித்து, கடன் வாங்கி அடைத்தாரே ஓர் அண்ணன்? சில பக்கங்களில் வந்து போய்விடுகிறார். அன்று ராத்திரி அவர் தூங்கினாரா? புத்தகத்தில் இல்லை.

ஜெர்ரி பிண்ட்டோவின் 'எம் அண்ட் தி பிக் ஹூம்' (2012) அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறது. நாவல்தான், ஆனால் அவருடைய அம்மாவின் நோயிலிருந்து பிறந்தது. மும்பையில் ஒரு சின்ன ஃப்ளாட். பையன் அம்மாவோடு சிரிக்கிறான், அம்மாவைப் பார்த்துப் பயப்படுகிறான், 'நமக்கும் இது வருமோ' என்று தன்னையே வேவு பார்க்கிறான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் முதலில் பிண்ட்டோவைப் படியுங்கள். ஜேமிசன் அப்புறம்.