முதல் மதிப்பெண்ணை நம்பும் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் பிள்ளைகள் பொறியியல் கட்-ஆஃப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50; ஆக 200. ஆனால் அவர்களுடைய ரேங்க்கைத் தீர்மானிக்கும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மற்ற வாரியங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு சமன்படுத்தும் கணக்கு அது.

நுழைவுத் தேர்வை ஒழித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது: ஒவ்வொரு பாடத்திலும் இரு வாரியங்களின் முதல் மதிப்பெண்களும் சமம். இங்கே 100, அங்கே 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. கோச்சிங்குக்குத் திருச்சி போய்வர வசதியில்லாத பிள்ளைகளுக்கு வழிவிட்ட சட்டம் இது. யார் வேண்டுமானாலும் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம் என்பது இம்முறையின் பெரிய பலம்.

ஆனால் லட்சம் பேர் எழுதினாலும் இருநூறு பேர் எழுதினாலும் இம்முறை பார்ப்பது ஒரே ஒருவரை. ஒரு சிறிய வாரியத்தில் கணக்கில் முதல் மதிப்பெண் 95 என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாங்கிய 90, இங்கே 94.74 ஆகிவிடும். நூறு வாங்கக்கூடிய மாணவி ஒருத்தி காய்ச்சலில் படுக்காமல் அந்தத் தேர்வை எழுதியிருந்தால் அந்த 90 அப்படியே நின்றிருக்கும். அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைநழுவும் கவுன்சலிங்கில் 4.74 சாதாரணமல்ல. தேர்வர் குறையக் குறைய முதல் மதிப்பெண் தாழ்ந்து அமையும் வாய்ப்பு கூடும். எனவே சிறிய வாரியத்துக்கு யாரும் எண்ணாத சலுகை கிடைக்கிறது. பெரிய வாரியங்களிலோ யாராவது நூறு வாங்கிவிடுவார்கள். வினாத்தாள் எவ்வளவு கடினமானாலும் திருத்தமே நடக்காது.

ஒருவரை மட்டும் பார்க்காத முறையும் உண்டு. ஜே.இ.இ. மெயின் 2019 முதல் ஒரு ஷிஃப்டில் எழுதிய அனைவரையும் வைத்துச் சதமானம் (பெர்சென்டைல்) போடுகிறது. பெருங்கூட்டம், அதுவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டது என்பதால் அங்கே அது பொருந்துகிறது. வாரியங்கள் அப்படிப் பிரிந்தவை அல்ல; அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

எந்த முறைக்கும் போதிய ஆட்கள் வேண்டும். தேர்வு அளவியல் அறிஞர்களான கோலனும் பிரென்னனும் சொல்லும் வழிகாட்டுதல், சராசரியையும் பரவலையும் பொருத்தும் நேர்கோட்டு முறைக்கு ஒரு வினாத்தாளுக்குச் சுமார் 400 பேர், சதமான முறைக்குச் சுமார் 1,500 பேர். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். சில டஜன் பேரை வைத்துத் திருத்தினால், திருத்தாமல் விடுவதைவிடப் பிழை பெருகலாம்.

ஆகவே முதல் ஒருவருக்குப் பதிலாக மேல் பத்தில் ஒரு பங்கினரின் சராசரியை எடுக்கலாம். இரு வாரியங்களின் கெட்டிக்காரர்களும் சமம் என்ற ஊகம் அதிலும் இருக்கும். ஒருவரின் காய்ச்சல் மட்டும் எல்லோரையும் தூக்கிவிடாது. தேர்வர் மிகக் குறைந்த வாரியத்துக்கு மதிப்பெண்ணைத் தொடாமல் விடுவதே நியாயம். இதற்குச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தினால் போதும்.