ஓடாமல் மூச்சுத் திறன் சொல்லும் தராசு

வீஓடூ மேக்ஸ் என்பது, உச்ச உழைப்பின்போது உடல் ஒரு கிலோ நிறைக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனைச் செலவிடுகிறது என்ற கணக்கு. அதை அளக்க ஓடுபொறியும் முகமூடியும் வாயுப் பகுப்பாய்வுக் கருவியும் வேண்டும். வெறுங்காலோடு ஏறிச் சற்று நேரம் நின்றாலே அந்த எண்ணைச் செயலியில் காட்டுகிற மின்தடைத் தராசுகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அப்படி ஒன்று இலங்கையின் குருவிட்டத் தோட்ட லயத்தில் சில வாரங்கள் புழங்கியது.

தராசின் மேற்பரப்பிலுள்ள உலோகத் தகடுகள் 50 கிலோஹேர்ட்ஸ் அளவிலான மிகச் சிறு மின்னோட்டத்தை ஒரு கால் வழியே செலுத்தி மறு கால் வழியே வாங்குகின்றன. உப்பு கலந்த உடல்நீர் மின்னைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். கொழுப்பில்லாத உடற்பகுதியில் சுமார் 73 வீதம் நீர் என்பதால், தடையிலிருந்து நீரும் நீரிலிருந்து கொழுப்பும் கணிக்கப்படுகின்றன. மின்னோட்டம் கால்களோடு திரும்பிவிடுகிறது. வயிறும் மார்பும் வெறும் ஊகம். மூச்சைப் பற்றித் தராசு எதையும் அளப்பதே இல்லை.

அப்படியானால் திறன் எண் எங்கிருந்து வருகிறது? தயாரிப்பாளர்கள் சூத்திரத்தைச் சொல்வதில்லை. ஆனால் உடற்பயிற்சிச் சோதனையின்றிக் கணிக்கும் முறை பழையது, வெளிப்படையானது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரூ ஜாக்சன் குழு 1990இல் வெளியிட்ட சூத்திரத்தில் வயது, பால், கொழுப்பு வீதம், 0 முதல் 7 வரையான உடலுழைப்புப் படி ஆகிய நான்கே உள்ளன. கொழுப்பு 1 வீதம் கூடினால் எண் 0.55 குறையும். உழைப்பு ஒரு படி ஏறினால் 1.59 கூடும். கொழுப்பு 30 வீதமுள்ள 40 வயதுப் பெண்ணுக்கு படி 1இல் 24 வரும், படி 6இல் 32. மின்சாரம் சொல்வதைவிடப் பயனர் செயலியில் தட்டுவதே எண்ணைப் பெரிதும் ஆட்டுகிறது.

குருவிட்டவில் இத்தராசு தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். செயலியின் பட்டியலில் 'அமர்ந்த வேலை', 'வாரம் மூன்று நாள் ஜிம்', 'விளையாட்டு வீரர்' எல்லாம் இருக்கின்றன. காலை ஆட்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய், சரிவில் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, சுமையோடு நிறுவைக்கு இறங்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. விடியுமுன் பால் வெட்டப் போகும் ரப்பர்த் தொழிலாளிக்கும் இல்லை. ஜிம்முக்குப் போகாததால் அவர்கள் 'அமர்ந்தவர்' ஆகிறார்கள். ஜாக்சனின் படிநிலையிலும் மிதமான உழைப்புக்கு முதல் உதாரணங்கள் கோல்ஃபும் குதிரைச் சவாரியும்தான்! காலையில் ஒருவர் ஏறி நின்ற அதே அளவீட்டை வைத்துக்கொண்டு பட்டியலை மட்டும் மாற்றியபோது, திறன் 'குறைவு' என்பதிலிருந்து 'நன்று' என்பதற்குத் தாவியது. இதற்குத் தராசு எதற்கு?

கொழுப்புக் கணக்கிலும் சிக்கல் உண்டு. ஒரே உயரமும் நிறையும் உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியர் உடலில் பொதுவாகக் கொழுப்பு அதிகம். வேற்று மக்களை வைத்துச் செய்த சூத்திரம் இங்கே பிசகும். இலங்கைச் சிறுவர்களுக்கெனத் தனிச் சூத்திரத்தை விக்கிரமசிங்க, லமபதுசூரிய முதலானோர் 2008இல் வெளியிட்டார்கள். கடைத் தராசுகள் அவ்வாறான உள்ளூர்ச் சூத்திரத்தைப் பயன்படுத்துவதாகச் சொல்வதில்லை.

மற்றவை சிறு தொல்லைகள். சரிவில் நடந்து காய்த்த பாதத்தில் மின்தொடுகை சரியாகக் கிடைக்காது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஏறினால் பிழைச் செய்தி குறைகிறது. மேடுபள்ளமான சீமெந்துத் தரையில் நிறையே மாறுகிறது. ஒரு பெரிய கோப்பை பிளேன்டீ குடித்த கையோடு ஏறினால், அந்த நிறையும் கொழுப்புக் கணக்கில் சேர்கிறது. எழும்பியதும், எதுவும் குடிக்குமுன், ஒரே இடத்தில் வைத்து அளப்பதே நல்லது.

திறன் எண்ணைக் கணிக்கும் வேலைக்குப் போலார் நிறுவனத்தின் கைக்கடிகாரங்கள் மேல். அவையும் வயதையும் உழைப்பையும் கேட்கின்றன. ஆனால் படுத்திருக்கையில் இதயத் துடிப்பையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்வதால், இதயத்தைப் பற்றி ஏதோ ஒன்றையாவது உண்மையில் அளக்கின்றன.

மாதக்கணக்கில் கொழுப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இத்தராசு போதும். திறன் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது.